சமையலறைக் காலண்டரில் இரண்டு குறிகள்

1

மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் மருத்துவச் சோதனை என்று என்னை எடை மேடையில் நிறுத்தினார்கள். தொண்ணூற்றிரண்டு பவுண்டு. போன ஜூன் மாதம் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி நிறுத்தினார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. முப்பத்தோரு வருடத்தில் எண் மாறவே இல்லை பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தால் எதையாவது உளறும் ரகம் நான்.

வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் உயர்ந்த கட்டடத்தைப் பற்றி எழுதுவார்கள், டுரியான் பழத்தின் வாடையைப் பற்றி எழுதுவார்கள். நான் என் கர்ப்பப்பையைப் பற்றி எழுதப்போகிறேன். முகம் சுளிக்கிற ஆண்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்புவதற்கு முன் வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டுக்காரர் ரயில்வேயில் குமாஸ்தா. வந்த புதிதில் வருடத்துக்கு ஒரு முறை ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து என் ஊர் மன்னார்குடிக்கு அனுப்புவோம். ஒவ்வொரு போட்டோவிலும் நான் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனேன். "நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய், அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிவிட்டாள்" என்று தங்கை எழுதுவாள். அக்கரையில் பெண் சோற்றுக்குக் குறைவில்லாமல் இருக்கிறாள் என்பதற்கு என் கன்னம்தான் சாட்சி. நானும் சாட்சியை நன்றாகவே வளர்த்தேன். காலையில் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், சாயங்காலம் டின்பால் ஊற்றிய டீயும் பலகாரமும். நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தது. அதற்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு அதே டீயைக் குடித்தேன்.

2

கல்யாணமாகி ஏழு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. மற்ற பெண்களுக்கு மாதம் தவறாமல் வருவது எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். பத்துமலை முருகனிடம், ஒரு பிள்ளையைக் கொடு, ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வசந்தி பிறந்தாள். அடுத்த வருடத்திலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தவறாமல் இருக்க என் சமையலறைக் காலண்டர்தான் துணை. மளிகைக்கடையில் கொடுக்கும் தமிழ்க் காலண்டர். எனக்கு வரும் நாளில் ஒரு பெருக்கல் குறி. வசந்தி பெரியவளானபின் அவளுக்கு ஒரு புள்ளி. எந்தப் பண்டிகையில் யார் சாமியறைக்குப் போகக் கூடாது என்று முன்னாலேயே தெரிந்துவிடும். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. வசந்தியின் புள்ளிகளும் என்னுடையவை போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். பண்டிகைகளுக்குத் தொந்தரவில்லாத பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொள்வேன். அந்த மெச்சலை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐம்பத்தோராவது வயதில் என் பெருக்கல் குறிகள் நின்றன. நிம்மதி என்றிருந்தேன். இந்த வருடம் தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பு, இரண்டு வருடம் கழித்து, மறுபடியும் ரத்தம் பட்டது.

அப்போது நான் பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. விரதம் ஆரம்பித்துவிட்டேன், இருபத்து நாலாவது பால்குடம், இப்போதா வர வேண்டும்? பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவிடம் ஓடினேன். பக்கத்து ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

"இதுக்குப் போயி ஏன் அழுவுறே? தள்ளிப் போடுற மாத்திர இருக்கு லா. பார்மசில கேட்டா குடுப்பான். என் மருமவளுக்குப் போன வருசம் அதான் வாங்கிக் குடுத்தேன்."

"நின்னு போனவளுக்கும் கேக்குமா அக்கா?"

"வந்துச்சுன்னா வந்ததுதானே. நிப்பாட்டுனா நிக்கும்."

இங்கே இது ஊரறிந்த ரகசியம். திருவிழா வந்தால் பெண்கள் சொல்லிக்கொள்ளாமல் அந்த மாத்திரையைப் போட்டு நாளைத் தள்ளிவைப்பார்கள். முன்பு இரண்டு வருடம் நானும் போட்டிருக்கிறேன். இந்த முறையும் போட்டேன். மூன்றாம் நாள் நின்றது. முருகன் கண் திறந்தான் என்று பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வாங்கப் படியேறினேன். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது. சூடு என்று நினைத்துப் பார்லித் தண்ணீர் குடித்தேன். பிறகு மே மாதத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மறுபடி மாத்திரை. மறுபடி நின்றது. மறுபடி வந்தது. அப்படியே ஐந்து மாதம் போய்விட்டது.

3

என் சித்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மன்னார்குடியில் எங்கள் தெருவிலேயே பெரிய உடம்பு அவளுக்குத்தான். குழந்தை இல்லை. கலகலவென்று பேசுவாள். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது அவள் வீட்டுக் கொல்லைப்புறக் கொடியில் எந்நேரமும் பழந்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தீட்டென்று அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். மூன்று நாள் உட்கார வேண்டியவள் மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஒரு நாள் தட்டை எடுக்கப் போன நான், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தேன். அடுத்த வருடம் செத்துப்போனாள். என்ன நோய் என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, பிறகும் யாரும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது எனக்குப் புடவை நனைந்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சித்தி எழுந்த மாதிரியே எழுந்தேன். அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை போகவில்லை.

4

பெரிய ஆஸ்பத்திரியில் கவுண்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. மலாய்க்காரப் பெண் ஒருத்தி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடிமக்களுக்கு நீல அட்டை, என்னைப் போல் தங்கியிருக்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு. குடியுரிமைக்கான மலாய்த் தேர்வில் இரண்டு முறை தோற்றவள் நான். சந்தையில் மீன்காரனிடம் பேரம் பேசும் மலாய், அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்தால் தொண்டையை விட்டு வெளியே வராது.

படிவத்தை வீட்டுக்காரர்தான் நிரப்பினார். பெயர், வயது, விலாசம் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"என்னங்க?"

"அது வந்து... நீ கடைசியா தலைக்குக் குளிச்ச தேதி கேக்குறான்."

முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. எதைச் சொல்வது? இரண்டு வருடத்துக்கு முன் நின்ற தேதியா, இன்று காலையா? பின்னால் நின்ற தமிழ் ஆள் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றியது.

"தெரியலன்னு போடுங்க," என்று கிசுகிசுத்தேன்.

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். உயிர் போகிற விஷயத்தில் எங்கள் இருவருக்கும் முந்திக்கொண்டு வந்தது வெட்கம்தான்.

5

டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். இங்கேயே பிறந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கலாம். பேச்சில் பாதி இங்கிலீஷ்தான், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். முதலில் அந்தக் கோட்டைத்தான் காட்டினார்.

"ஆன்டி, இங்க ஏன் கோடு? இதுதானே முக்கியம்."

எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தன தடவ எடுத்தீங்க?"

"ரெண்டு தடவ. நல்லாக் கேட்டுச்சு டாக்டர்."

"கேக்கும் ஆன்டி. அது கேக்குற மாத்திரதான். அதுனாலதான் அஞ்சு மாசம் லேட் ஆயிடுச்சு."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். பெண்ணின் உடம்பில் இரண்டு ஹார்மோன்கள் மாறி மாறி வேலை செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்பது கர்ப்பப்பையின் உள்தோலை வளர்க்கும். கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் இன்னொன்று, புரொஜெஸ்டரோன், வளர்ந்தது போதும் என்று அதை நிறுத்தும். பிறகு இரண்டும் குறையும்போது அந்தத் தோல் உதிர்ந்து வெளியேறும். அதுதான் மாதவிலக்கு. வயதானால் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சூலகங்கள் ஓய்ந்துவிடும். இரண்டு ஹார்மோனும் அடங்கிவிட வேண்டும்.

"ஆனா கொழுப்பு சும்மா இருக்காது ஆன்டி. நாமெல்லாம் அது மூட்டை மாதிரி கெடக்குதுன்னு நெனைக்கிறோம். அது ஒரு ஃபேக்டரி. உடம்புல இருக்குற வேற ஹார்மோன எடுத்து ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கும். கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும். வளக்குறதுக்கு ஆள் இருக்கு, நிறுத்துறதுக்கு ஆள் இல்ல."

"சக்கர வியாதிக்கும் இதுக்கும்...?"

"இருக்கு. உங்க உடம்பு இன்சுலின் பேச்ச கேக்கல, அதுனால இன்சுலின் இன்னும் இன்னும் சுரக்கும். அதுவும் வளர்ச்சியத் தூண்டிவிடுதுன்னு நெனைக்கிறாங்க. முழுசா இன்னும் தெரியல. ஆனா வெயிட், சுகர், இந்த ப்ளீடிங் மூணையும் ஒண்ணா நாங்க நெறைய பாக்குறோம்."

வளர்ந்துகொண்டே போகும் தோலில் ஏதோ ஒரு நாள் ஏதோ ஓர் உயிரணு தறிகெட்டுப் போகலாம். என் மாத்திரை அந்த இரண்டாவது ஹார்மோனின் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் போட்டதும் நின்றது, விட்டதும் வந்தது. அது எனக்குக் கெடுதல் செய்துவிடவில்லையாம். ஆனால் உடம்பு கூப்பிட்டுக்கொண்டிருந்ததை என் காதில் விழாமல் செய்துவிட்டது.

"நின்னு போனப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் ஓடி வரணும் ஆன்டி. அது தீட்டு இல்ல."

"இது கேன்சரா டாக்டர்?"

"உள்தோல கொஞ்சம் சுரண்டி எடுத்து லேப்புக்கு அனுப்பணும். ரெண்டு வாரம் ஆகும்." கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். "சின்ன வயசுல மாசா மாசம் வந்துச்சா உங்களுக்கு?"

"இல்ல. மூணு மாசம், நாலு மாசம் ஆவும்."

"அப்பவே முட்டை சரியா வந்திருக்காது. அப்பவும் நிறுத்துற ஹார்மோன் குறைவுதான்," என்று எழுதிக்கொண்டார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

6

அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். சோறு வடிக்கும்போது செத்துப்போவேன் என்று தோன்றும். துணி மடிக்கும்போது இந்தப் புடவையை யார் கட்டுவார்கள் என்று தோன்றும். அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்பேன். என் உடம்பை முதன்முதலாக வேற்றாளைப் போலப் பார்த்துப் பயந்தேன். வீட்டுக்காரர் என்னை விட மோசம். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வசந்திக்குச் சொல்லவில்லை. அவள் கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கேயே தோழிகளோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்தவள் மாதம் ஒரு முறை வந்தாள், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. வந்தாலும் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் இப்படி விலகிப் போனதற்குக் காரணம் என் வாய்தான். அவளும் என்னை உரித்துவைத்த உடம்பு. "இந்த உடம்புக்கு எவன் வருவான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன வாயால்தான் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றினேன்.

ரத்தம் பட்ட தேதிகளையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகப் பழைய காலண்டர்களைப் பரண்பெட்டியிலிருந்து இறக்கினேன். என் பெருக்கல் குறிகளைத் தேடிய கண், வசந்தியின் புள்ளிகளில் போய் நின்றது. அவளுக்குப் பதினெட்டு வயதான வருடம் ஐந்து புள்ளி. இருபதில் மூன்று. அவள் கிள்ளானுக்குப் போவதற்கு முந்தின வருடம், பன்னிரண்டு தாளையும் இரண்டு முறை புரட்டினேன், இரண்டே இரண்டு.

அப்போதுதான் உறைத்தது. அப்பவே முட்டை சரியா வந்திருக்காது. டாக்டர் என்னைப் பற்றிச் சொன்னது அவளுக்கும் அப்படியே பொருந்தியது. வளர்க்க ஆள் இருக்கிறது, நிறுத்த ஆள் இல்லை. காலண்டர்களை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் சாவைப் பற்றிய பயம் ஒரு நொடியில் சின்னதாகிவிட்டது.

7

எனக்கு வந்தது புற்றுநோய்தான். உள்தோலோடு நிற்கிறது, ஆழமாகப் போகவில்லை, சீக்கிரம் எடுத்துவிடலாம் என்றார்கள். ஜூலையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வெட்டி எடுத்ததைச் சோதித்ததிலும் அதையேதான் சொன்னார்கள். இனி வேளாவேளைக்குப் போய்க் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது வசந்தி வந்து பார்த்தாள். "சின்ன ஆப்பரேஷன்" என்று சொல்லிவைத்திருந்தோம். அவளுக்கு மாதாமாதம் வருகிறதா என்று கேட்க வாய் வரவில்லை. காலண்டரில் எட்டு வருடம் புள்ளி வைத்த எனக்கு, அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தைரியமில்லை. தையல் ஆறி நடக்க ஆரம்பித்ததும் ஒரு சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். பையில் அந்தக் காலண்டர்கள் இருந்தன.

கதவைத் திறந்தவள், "அம்மா! வாட் ஹேப்பன்ட்?" என்று பதறினாள்.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேன்சர் என்ற சொல்லையும் சொன்னேன். அவள் அழுதாள். ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை போட்டாள். போடட்டும் என்று விட்டுவிட்டு, காலண்டரை எடுத்து விரித்தேன்.

"இந்தப் புள்ளியெல்லாம் ஒனக்கு நான் வச்சது. இப்ப சொல்லு. கடைசியா எப்ப வந்துச்சு?"

அவள் அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"எட்டு மாசம் வரவே இல்லம்மா. அப்புறம் வந்துச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, முழுசா நிக்க மாட்டேங்குது."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் போட்ட அதே மாத்திரை. இரண்டு மட்டும் மிச்சம் இருந்தன.

"இத எங்கடி வாங்கினே?"

"பார்மசில. தைப்பூசத்துக்கு வந்தப்ப நீ சாப்பிட்டத பாத்தேன்ல. போட்டா நிக்குது. விட்டா வருது." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கேப்பேன்னு நெனச்சேன்மா. ரொம்ப நாளா."

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே கவுண்டர், அதே படிவம். அவளே நிரப்பினாள். அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்றது. பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். அவள் கோடு போடப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

"கோடு போடாதே," என்றேன். "இந்த மாத்திர போட்டதுக்கு முன்னாடி ரத்தம் எந்தத் தேதியில ஆரம்பிச்சுது? எழுது. எத்தன நாளா போவுதுன்னும் பக்கத்துல எழுது."

நான் மெதுவாகச் சொல்லவில்லை. வரிசையே திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் இருவருக்கும் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"இந்த வயசுல கேன்சர் ரொம்ப அபூர்வம் ஆன்டி," என்றார் டாக்டர். "தோல் தடிச்சிருக்கும், அவ்வளவுதான்னு நெனைக்கிறேன். அப்படின்னா அதே வகை மாத்திரைய நாங்க முறையா குடுத்து, வெயிட்டையும் குறைச்சு, சரி பண்ணப் பாக்கலாம். ஆனா லேப் பாக்காம நான் வாக்கு குடுக்க மாட்டேன்." அவளுக்கும் சுரண்டி எடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் ஆகும்.

இன்று ஒன்பதாவது நாள். வசந்தி லீவு போட்டுவிட்டு எங்களோடு இருக்கிறாள். ரத்தம் படும் ஒவ்வொரு நாளும் சமையலறைக் காலண்டரில் அவளே புள்ளி வைக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் சத்தமாகத்தான் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு நின்னுடுச்சும்மா. புள்ளி வைக்கல."

நின்றுவிட்டது என்றால் முன்பெல்லாம் முருகா என்று கையெடுத்துக் கும்பிடுவேன். இன்று கை எழவில்லை. நின்றதை நம்பித்தானே ஐந்து மாதம் போக்கினேன்.

"சரி, நின்னுச்சுன்னு எழுதி வை," என்றேன்.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்துபோய், காலண்டருக்கு முன்னால், அவள் பக்கத்தில் நின்றார்.

"ரிசல்ட்டுக்கு இன்னும் எத்தன நாள்டா?"

"அஞ்சுப்பா."

அவர் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.